முதல் நூறு பக்கம் பொறுத்துக்கோ

1879க்கு முன்னால் தமிழனுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. நாவல் படித்து ஏமாற வழியே கிடையாது. ஏமாந்தே தீரவேண்டும் என்றால் நிலம் வாங்கலாம், சம்பந்தம் பண்ணலாம், கச்சேரியில் வழக்குப் போடலாம். ஒரு தடிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ‘இதைப் படிக்கச் சொன்னவன் மட்டும் இப்போ எதிரில வரட்டும்’ என்று பல்லைக் கடிக்கும் பாக்கியம் மட்டும் அவனுக்கு வாய்க்கவில்லை.

அந்தக் குறையைத் தீர்த்துவைத்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. மாயவரத்தில் முன்சீபாக இருந்தவர். சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளையே தமிழில் மொழிபெயர்த்துப் போட்டவர். தீர்ப்புகளைத் தமிழில் படிக்க வைத்தவருக்கு நாவலைப் படிக்க வைப்பது பெரிய காரியமா? ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வந்தது. அதில் கதாநாயகி ஞானாம்பாள் ஆண்வேஷம் போட்டுக்கொண்டு ஒரு தேசத்துக்கு ராஜாவாகவே ஆகிவிடுகிறாள். அந்தக் காலத்துக்கு அது லேசுப்பட்ட கற்பனை இல்லை. ஆனால் ஞானாம்பாள் ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் ஓர் உபகதை, அதற்கொரு நீதி, அந்த நீதிக்கு உதாரணமாக இன்னொரு உபகதை என்று பிள்ளையவர்கள் நம்மை வாய்தா மேல் வாய்தாவாக இழுத்துக்கொண்டு போவார்.

அன்றைக்கு மாயவரத்துத் திண்ணை ஒன்றில் என்ன பேசியிருப்பார்கள் என்பதற்குச் சாட்சியம் இல்லை. நானாகக் கேட்டுக்கொண்டது இது:

“என்ன ஓய், முன்சீப் எழுதின புஸ்தகத்தை முடிச்சாச்சா?”

“ஆச்சு.”

“எப்படி?”

“நடுநடுவே கதை வருது ஓய். வர்ற இடமெல்லாம் நன்னாயிருக்கு.”

“சரி, அது வேண்டாம். அதே மாதிரி வேற வசன காவியம் ஏதாவது இருந்தா சொல்லும்.”

“வேறயா? தமிழ்ல இருக்கிறதே அது ஒண்ணுதான்!”

பரிந்துரை என்ற கலைக்குக் குறைந்தது இரண்டு புத்தகங்கள் தேவை. இரண்டாவதுக்காகத் தமிழ் வாசகன் ஆறு வருஷம் காத்திருந்தான். 1885இல் அது வந்தது, கடல் தாண்டிக் கண்டியிலிருந்து. சித்தி லெப்பை எழுதிய ‘அசன்பே சரித்திரம்’. எகிப்தில் தொடங்கிப் பம்பாய்ப் பக்கம் போகும் கதை. சித்தி லெப்பை யார்? வக்கீல். முதல் நாவல் முன்சீப், அடுத்தது வக்கீல். எதிரே இருப்பவர்கள் எழுந்து போக முடியாது என்ற தைரியத்தில் பேசிப் பழகியவர்கள்தான் முதலில் நாவல் எழுதத் துணிந்திருக்கிறார்கள்.

இடையில் மாயவரத்துக்காரர் சும்மா இல்லை. பிரதாப முதலியார் பிடிக்காதவர்கள் கேட்ட மாற்றுப் புத்தகமும் 1887இல் கிடைத்தது. பெயர் ‘சுகுணசுந்தரி’. எழுதியவர்? அதே வேதநாயகம் பிள்ளை.

நிஜமான சிபாரிசுச் சண்டைக்குத் தோதான சரக்கு 1893இல்தான் வந்தது. ‘விவேக சிந்தாமணி’ பத்திரிகையில் ஒரு தொடர்கதை ஆரம்பமாயிற்று: ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’. அந்தக் காலத்துத் தலைப்புகளில் இந்த ‘அல்லது’ ஒரு நல்ல ஏற்பாடு. ஒரு பெயர் பிடிக்காவிட்டால் இன்னொன்றை வைத்துக்கொள்ளலாம். எழுதிய ராஜம் ஐயருக்கு வயது இருபத்தொன்று. வத்தலக்குண்டுப் பையன்.

அந்தப் பையனுக்கு என்ன காது! சிறுகுளம் என்று ஒரு கிராமம். அங்கே ஊர்ப் பெண்கள் கூடி அடுத்த வீட்டு விவகாரங்களை அக்குவேறு ஆணிவேறாக அலசும் கூட்டத்துக்கு ‘வம்பர் மகாசபை’ என்று பெயர் வைத்தான். தமிழ்நாட்டில் இன்றைக்குவரை நடக்கும் எல்லா இலக்கியக் கூட்டங்களுக்கும் பொருந்துகிற பெயர். யாரும் துணிந்து போர்டில் எழுதிப் போடவில்லை, அவ்வளவுதான். ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்று ஒரு தமிழ் வாத்தியார் வருவார். அவர் வாயைத் திறந்தால் பக்கத்தில் யாரும் தூங்கிக்கொண்டிருக்கக் கூடாது. நாம் சிரிக்கிற சிரிப்பில் எழுந்துவிடுவார்கள்.

இப்படிச் சிரித்துக்கொண்டு போகிறவனை ஆசிரியர் பிற்பாதியில் கையைப் பிடித்து வேதாந்தத்துக்குள் இறக்கிவிடுகிறார். கதாநாயகர் முத்துஸ்வாமி ஐயருக்கு விரக்தி வருகிறது, குரு வருகிறார், உபதேசம் வருகிறது. வம்பர் மகாசபையைத் தேடி மாதாமாதம் பத்திரிகையைப் பிரித்தவனுக்குப் பிரம்ம ஞானம் கிடைத்தது. ஆசிரியரும் சொன்னதைச் செய்கிற ஆள்தான்; பிறகு ‘பிரபுத்த பாரத’ பத்திரிகைக்கு ஆசிரியராகப் போய் வேதாந்தமே எழுதினார். 1898இல், இருபத்தாறு வயதில், போயும் விட்டார். தமிழ் வாசகனுக்கு அவர் விட்டுப்போனது ஒரு நல்ல நாவலும், ஒரு வாக்கியமும்: “முதல் பாதி பிரமாதம்ப்பா.” அன்று முதல் இன்றுவரை நாவல் கொடுக்கும் நண்பன் இந்த வாக்கியத்தையோ இதன் தலைகீழையோ சொல்லாமல் புத்தகத்தைக் கைமாற்றுவதில்லை. தலைகீழ் எது என்று உங்களுக்கே தெரியும். “முதல் நூறு பக்கம் கொஞ்சம் பொறுத்துக்கோ. அப்புறம் பாரு.”

இதே ‘விவேக சிந்தாமணி’யில்தான் அதற்கு முந்தின வருஷம் அ. மாதவையா ‘சாவித்திரி சரித்திரம்’ என்று ஒரு தொடர் ஆரம்பித்து, அது பாதியில் நின்றுபோயிற்று. மாதவையா உப்பு இலாகா அதிகாரி. பாதியில் நின்றதை மறக்கவில்லை. 1903இல் அதை ‘முத்துமீனாக்ஷி’யாக முடித்துவிட்டுத்தான் ஓய்ந்தார். நின்றுபோன தொடருக்காகப் பதினோரு வருஷம் காத்திருந்த வாசகர் எவராவது இருந்திருந்தால் அவருக்கு ஒரு சிலை வைக்கலாம்.

இந்தப் பெரியவர்கள் எல்லோரும் தமிழ் வாசகனைத் திருத்தப் பார்த்தார்கள். வாசகனோ கெடுவதற்கு வழி தேடிக்கொண்டிருந்தான். வழி லண்டனில் இருந்தது. ஜி. டபிள்யூ. எம். ரெயினால்ட்ஸ் என்று ஒருவர். 1844 முதல் ‘லண்டன் மர்மங்கள்’ என்று வாராவாரம் எழுதிக் குவித்தவர். கொள்ளை, விஷம், கள்ளக்காதல், சுரங்கப்பாதை, பிரபுக்களின் படுக்கையறை. இங்கிலாந்தில் மரியாதைப்பட்டவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். இங்கே ஆங்கிலம் படித்த கனவான்கள் வீட்டு அலமாரியில் முன்வரிசையில் ஷேக்ஸ்பியரையும் பின்வரிசையில் ரெயினால்ட்ஸையும் வைத்தார்கள் என்று நான் சொன்னால் மறுக்க யாரும் உயிரோடு இல்லை. எந்த வரிசை தேய்ந்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டியதில்லை.

ரெயினால்ட்ஸ் செத்தது 1879இல். ஆம், பிரதாப முதலியார் பிறந்த அதே வருஷம். லண்டனில் போன உயிர் ஆரணியில் மறுபிறவி எடுத்தது. ஆரணி குப்புசாமி முதலியார் அவரைத் தழுவித் தழுவி எழுதினார். லண்டன் பிரபுக்களுக்குத் தலைப்பாகை கட்டிவிட்டால் போதும், ஜமீன்தார் ஆகிவிடுவார்கள். ஜே. ஆர். ரங்கராஜு, துப்பறியும் கோவிந்தனைக் கொண்டுவந்தார். வடுவூர் துரைசாமி ஐயங்கார், திகம்பர சாமியார் என்ற பெயரிலேயே ஒரு துப்பறிவாளரை இறக்கிவிட்டார். ‘மேனகா’, ‘கும்பகோணம் வக்கீல்’ எல்லாம் அவர் சரக்குதான். முத்துஸ்வாமி ஐயர் சாமியாரானதும் தூங்கிப்போன வாசகன், சாமியார் துப்பறிய ஆரம்பித்ததும் எழுந்து உட்கார்ந்தான்.

அப்போதுதான் சிபாரிசு என்பது ரகசியத் தொழிலாயிற்று. பெண்கள் நாவல் படித்தால் கெட்டுவிடுவார்கள் என்று ஆண்கள் மேடையில் பேசிவிட்டு வந்து வடுவூராரைத் தலையணைக்கு அடியில் தேடுவார்கள். அது சமையலறையில் அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கும். திருவல்லிக்கேணியில் ஒரு பெண் இந்த வம்பே வேண்டாம் என்று தானே கதை கட்ட ஆரம்பித்தார். வை. மு. கோதைநாயகி. ஐந்து வயதுக்குச் சற்று மேல் கல்யாணம், பள்ளிக்கூடம் போனதில்லை, சரளமாக எழுத வராது. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். ‘படிக்க நல்லதா ஒண்ணு சொல்லேன்’ என்று கேட்ட தோழிக்கு இதைவிடச் சிறந்த பதிலை யாரும் சொன்னதில்லை. பிறகு தானே எழுதக் கற்றுக்கொண்டு, 1925 முதல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை நடத்தி, 115 நாவல் எழுதி முடித்தார். பட்டம்மாளின் கை ஆரம்பத்திலேயே தப்பித்தது அதிர்ஷ்டம்.

அடுத்து கல்கி. இங்கே நான் ஜாக்கிரதையாக நடக்கவேண்டும். எங்கள் வீட்டிலேயே அடி விழும். ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் ஆரம்பித்து 1954வரை வாராவாரம் வந்தது. அந்தக் காலத்தில் அதைச் சிபாரிசு செய்ய வாய் தேவைப்படவில்லை. ஊசியும் நூலும் போதும். வாராவாரம் பத்திரிகையிலிருந்து பக்கங்களைக் கிழித்து, அடுக்கி, பைண்டிங்காரரிடம் கொடுத்து, காலிகோ முதுகு வைத்து, பெட்டியில் பூட்டி வைப்பார்கள். அந்த பைண்டைக் கடன் வாங்கிப் படித்தவர்களுக்குத் தெரியும். வந்தியத்தேவன் குதிரையில் பாய்ந்து வருவான். பக்கத்தைத் திருப்பினால் பாதி சிரிப்புத் துணுக்கு, கீழே கூந்தல் தைலம். முக்கியமான இடத்தில் ஒரு சதுரம் ஓட்டை. பின்பக்கத்து விளம்பரத்தில் இருந்த கூப்பனை வீட்டில் யாரோ வெட்டி அனுப்பியிருப்பார்கள். நந்தினி அந்த இடத்தில் என்ன சொன்னாள் என்பது அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கடைசிவரை தெரியாது.

மூன்றரை வருஷம் படித்துவிட்டுக் கடைசியில் ஜனங்கள் கேட்டது, “ஆதித்த கரிகாலனைக் கொன்னது யாரு ஐயா?” கல்கி அதை நழுவவிட்டிருந்தார். இன்னார் என்ன ஆனார், அன்னார் என்ன ஆனார் என்று கேள்விகள் குவிந்து, கடைசியில் அவர் ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. ஏமாந்த வாசகனுக்கு ஆசிரியரே நேரில் வந்து சமாதானம் சொன்ன நல்ல காலம் அது.

இப்படி ஊரே பைண்டிங் ஒட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஒருவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு “அதெல்லாம் சரி, இதைப் படிச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். க. நா. சுப்ரமண்யம். கேட்டதோடு நிற்காமல் ‘படித்திருக்கிறீர்களா?’ என்றே ஒரு புத்தகமும் போட்டார். தமிழ் இலக்கியத்தில் பட்டியல் என்ற ஆயுதத்தை முழுநேரமாகச் சுழற்றியவர் அவர்தான். பட்டியலில் இருந்தவர்கள் ஏழெட்டுப் பேர் சந்தோஷப்பட்டார்கள். இல்லாதவர்கள் ஒரு மாநிலம் நிறைய இருந்தார்கள். ஏன் இது நல்ல நாவல் என்று கேட்டால், நல்ல நாவல் என்பதால்தான் என்கிற ரீதியில் பதில் வரும். கேட்பவர் வீட்டுக்குப் போய்ப் படித்துப் பார்த்தால், தொல்லை, நல்லாத்தான் இருக்கும்.

தஞ்சாவூர் ஜில்லாக்காரரான அவருக்கு ஸ்காண்டிநேவியா மேல் ஏன் அத்தனை பிரியம் என்பது தீராத மர்மம். நார்வேக்காரர் க்னுட் ஹாம்சனை ‘நிலவள’மாகவும், ஸ்வீடன்காரி செல்மா லாகர்லெவை ‘மதகுரு’வாகவும், இன்னொரு ஸ்வீடன்காரர் பேர் லாகர்க்விஸ்டை ‘அன்பு வழி’யாகவும் தமிழில் கொண்டுவந்தார். சித்திரை வெயிலில் ஈரிழைத் துண்டால் விசிறிக்கொண்டு, நார்வே பனியில் ஒருவன் தனியாக நிலம் திருத்துவதைத் தமிழர்கள் படித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், பிற்பாடு எழுத வந்த பலர் தங்களைப் புரட்டிப்போட்ட புத்தகம் என்று அந்த ‘அன்பு வழி’யைத்தான் சொன்னார்கள். நம் ஊர்ப் பட்டியல்களைப் பார்த்துக் கொதித்தவர்கள்கூட ஸ்வீடன் பட்டியலில் விழுந்துவிட்டார்கள்.

அவரோடு மல்லுக்கு நின்றவர் சி. சு. செல்லப்பா. ‘பிடிச்சிருக்கு, பிடிக்கலைன்னு சொன்னா ஆச்சா? அலசிக் காட்டு’ என்பது அவர் கட்சி. 1959இல் ‘எழுத்து’ பத்திரிகை ஆரம்பித்தார், புத்தகங்களும் போட்டார். யாரும் வாங்கவில்லை. நாமாக இருந்தால் ஜனங்களைத் திட்டி ஒரு கட்டுரை எழுதிவிட்டுப் படுத்துக்கொள்வோம். அவர் புத்தகங்களை மூட்டை கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். கதர் வேஷ்டியில் வாசலில் வந்து நிற்கும் ஒல்லியான கிழவரிடம் ‘ஏற்கெனவே படிச்சுட்டேன்’ என்று பொய் சொல்ல முடியுமா? அடுத்த கேள்வி கேட்பாரே. சிபாரிசு செய்கிறவன் சரக்கைத் தானே சுமக்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தால் நாட்டில் பாதிப் பரிந்துரைகள் குறைந்துவிடும்.

இதில் கவனித்தீர்களா, வேதநாயகம் பிள்ளை காலத்திலிருந்து யாரும் யாருக்கும் வெறுமனே புத்தகம் கொடுக்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் முந்தினதைப் பார்த்து ‘இதையெல்லாமா படிக்கிறே?’ என்று கேட்டுவிட்டுத்தான் தன் புத்தகத்தை நீட்டியது. வடுவூராரைப் படித்தவனைக் கல்கி ரசிகன் கேட்டான். கல்கி ரசிகனைக் க.நா.சு. கேட்டார். 1981இல் சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ வந்தபோது, அதற்குள்ளேயே கல்கியின் சிவகாமியை வைத்து ஒரு நக்கல் இருந்தது. அந்த நக்கலைச் சொல்லிச் சொல்லியே அந்த நாவலைப் படிக்காதவர்கள்கூடப் படித்தவர்களாக உலவினார்கள்.

நான் படித்துக் கெட்டது எண்பதுகளின் லெண்டிங் லைப்ரரியில். அங்கே நண்பர்களே தேவையில்லை. புத்தகத்தின் ஓரங்களே பேசும். ராஜேஷ்குமார் நாவலின் நாலாம் பக்கத்தில் பென்சிலால் ‘கொலைகாரன் டாக்டர்’ என்று எழுதியிருப்பான் ஒரு பாவி. சுஜாதாவின் கணேஷும் வசந்தும் பேசிக்கொள்ளும் இடத்தில் ‘சூப்பர்’ என்று சிவப்பு மை. எங்கள் லைப்ரரியில் பச்சை மைக்காரர் ஒருவர் இருந்தார். யார், எந்தத் தெரு, ஆணா பெண்ணா, எதுவும் தெரியாது. ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் ஒரே சொல்லில் தீர்ப்பு: ‘தேறும்’, ‘சுமார்’, ‘வேஸ்ட்’. நான் முதல் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை. நேராகக் கடைசிப் பக்கம், பச்சை மை. ஒரு குடும்ப நாவலில் அவர் ‘அழுகை ஜாஸ்தி’ என்று எழுதப்போக, கீழே நீல மையில் பதில்: ‘உனக்கு மனசு இருந்தாத்தானே!’ அதற்குக் கீழே பச்சை: ‘மனசு இருக்கு, நேரம் இல்லை.’ அதற்கும் கீழே, லைப்ரரிக்காரரின் ரப்பர் ஸ்டாம்ப்: புத்தகத்தில் எழுதக் கூடாது. க.நா.சு.வுக்கும் செல்லப்பாவுக்கும் நடந்ததைவிட இது ரத்தினச் சுருக்கம்.

இத்தனை பேர் இத்தனை வருஷம் சிபாரிசு செய்துகொண்டிருந்தபோது யார் கண்ணிலும் படாமல் மதுரையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ப. சிங்காரம். சிங்கம்புணரிக்காரர். வாலிபத்தில் சுமத்ராவுக்குப் பிழைக்கப் போய், யுத்தத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, மதுரை ‘தினத்தந்தி’யில் வேலை பார்த்துக்கொண்டு, ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில் தனியாக வாழ்ந்தார். 1962 வாக்கில் ‘புயலிலே ஒரு தோணி’ எழுதி முடித்தார். மலேயா, சுமத்ரா, ஜப்பான்காரன், நேதாஜி படை என்று போகும் நாவல். அதில் பினாங்கில் நண்பர்கள் கூடிக் குடித்துக்கொண்டே தமிழ்ப் பெருமை ஒவ்வொன்றையும் எடுத்துத் தோலை உரிப்பார்கள். தமிழ் நாவலில் அப்படி ஒரு நண்பர் கூட்டம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் எனக்குத் தெரிந்து இல்லை.

புத்தகமாக வந்தது 1972இல். பத்து வருஷம். வந்த பிறகும் ஒரு சலசலப்பும் இல்லை. ஊர் அப்போது மாதநாவலில் மூழ்கியிருந்தது. இலக்கியக்காரர்கள் ஒருவரையொருவர் பட்டியலிலிருந்து நீக்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு எப்படியோ, ஒருவர் படித்து, இன்னொருவரிடம் சொல்லி, அவர் ஜெராக்ஸ் எடுத்து மூன்றாமவருக்குக் கொடுத்து என்று அது வாய்வழியாகவே ஊர்ந்தது. விழா இல்லை, விளம்பரம் இல்லை. ஏதோ ஒரு நாவலில் ஏமாந்து எரிச்சலோடு உட்கார்ந்திருந்தவனிடம் யாரோ ‘இதைப் படி’ என்று நீட்டியதால் மட்டுமே பிழைத்த நாவல் அது. ஊர் முழுக்கக் கொண்டாடத் தயாரானபோது சிங்காரம் எழுதுவதை எப்போதோ விட்டிருந்தார். மொத்தம் இரண்டே நாவல். பாராட்டத் தேடிப் போனவர்களிடம் மனிதர் பெரிய உற்சாகம் காட்டவில்லை. காட்டுவானேன்? 1997இல் காலமானார்.

அவர் வாழ்ந்தது மதுரை ஒய்.எம்.சி.ஏ.வில். அவர் நாவல் இப்போது ஜனவரியில் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில், புத்தகக் காட்சியில், பல பதிப்பகங்களின் அட்டையோடு அடுக்கியிருக்கிறது. போன தடவை அங்கே பஜ்ஜிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பையன்கள். ஒருவன் கையில் யாரோ பெரிய எழுத்தாளரின் செங்கல் கனப் புத்தகம். முகத்தில் அதைப் படித்த களை.

“செம மொக்கடா. நீதானே வாங்கச் சொன்னே?”

“அது போகட்டும், விடு மச்சி. சிங்காரம் படிச்சிருக்கியா? ‘புயலிலே ஒரு தோணி’. வேற லெவல்.”

“நீ படிச்சிட்டியா?”

“வாங்கிட்டேன்டா.”